உப்புக் காற்றில் ஒரு கமரா

கல்முனையில் கமராவுக்கு முதல் எதிரி காற்று. கீழே விழுந்து உடைந்த கமரா என் மேசைக்கு வருவது குறைவு. பத்திரமாகப் பூட்டி வைத்ததால் கெட்டுப்போனதுதான் அதிகம் வருகிறது. தோல் உறை, உறைக்கு மேல் பொலித்தீன், அதற்கும் மேல் ஒரு பழைய துணி, அலுமாரியின் அடித்தட்டு. பல வருடம் வெளிச்சமே காணாமல் கிடந்ததை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், லென்ஸுக்குள் வெள்ளை நூல் நூலாக பங்கஸ் படர்ந்திருக்கும்.

எங்கள் ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வெக்கை, மாரியில் சுவரே வியர்க்கும் ஈரம். பங்கஸ் வித்து எங்கும் மிதந்துகொண்டிருப்பது. அதற்கு வேண்டியதெல்லாம் ஈரமும் இருட்டும் அசையாத காற்றும்தான். தோல் உறை இந்த மூன்றையும் கொடுத்து, தோலையே தீனியாகவும் கொடுக்கிறது. மேலோட்டமாகப் படர்ந்திருந்தால் கழுவி எடுக்கலாம். நாள்பட்டால் அது விடுகிற அமிலம் கண்ணாடியின் பூச்சைத் தின்று, கண்ணாடியிலேயே தடம் பதித்துவிடும். பிறகு யார் துடைத்தும் பயனில்லை.

நான் தொழில் பழகியது ஒரு சின்ன ஸ்டூடியோவில். அந்தக் காலத்தில் எங்கள் சோற்றுக்கு வழி கல்யாணப் படம் என்று வெளியில் நினைப்பார்கள். உண்மையில் கடையை நடத்தியது அடையாள அட்டைப் படம். பழைய தேசிய அடையாள அட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் படம்தான். யுத்த காலத்தில் அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. ஆகவே படம் எடுக்கவே கூடாது என்று சொல்லும் வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து அந்த மரக் கதிரையில் உட்கார்ந்தார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கமராவைப் பார்த்த முகங்கள் எத்தனையோ எங்கள் நெகட்டிவ் பெட்டிகளில் இருந்தன.

திருத்தவேலை பழகியது ஸ்டூடியோவில் அல்ல. கடைத்தெருவில் மணிக்கூடு திருத்தும் காக்கா ஒருவர் இருந்தார். கமரா கெட்டால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அனுப்பினால் எப்போது வரும் என்று தெரியாது. அதனால் முதலாளி அவரிடம் என்னை அனுப்பினார். கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு, சாமணத்தால் ஒரு வில்லை எடுத்து வைத்துவிட்டு அவர் சொன்னது: "கழட்டுறது பெரிய வேல இல்ல தம்பி. எந்த ஸ்குரூ எங்க இருந்ததெண்டு தெரிஞ்சாத்தான் தொழில்." வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஸ்குரூக்களை இடமிருந்து வலமாக வைப்பது அவரிடம் படித்தது. இன்றும் அப்படித்தான் வைக்கிறேன்.

ஜப்பான் கமராவில் இருக்கும் நட்சத்திரத் தலை ஸ்குரூ, நாங்கள் கடையில் வாங்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளிக்குப் பொருந்துவது போலத் தெரியும், பொருந்தாது. ஜப்பான்காரருக்குத் தனி அளவு. சாதாரணத் திருப்புளியின் கூர் நுனி பள்ளத்தின் அடியில் முட்டி, மேலே வழுக்கிக்கொண்டு தலையைச் சிதைத்துவிடும். நுனியை அரத்தால் கொஞ்சம் மட்டப்படுத்தினால் முழுதாக உட்காரும். கமரா திருத்த ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். தலை சிதைந்த ஸ்குரூவைத் துளைத்து எடுப்பது ஒரு முழுநாள் வேலை.

என் மேசைக்கு வருவதெல்லாம் மலிவுக் கமரா. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சவூதிக்கும் குவைத்துக்கும் போய் வந்தவர்களின் பெட்டியில் சேலை, சென்ட், வானொலியோடு ஒரு யஷிகா எம்எஃப்-2 இருக்கும். தூரம் திருப்ப வேண்டாம், அளவு பார்க்க வேண்டாம், இரண்டு பேனா பற்றரி போட்டால் ஃபிளாஷ் அடிக்கும். இந்தக் கரையில் பிறந்தநாள், கத்னா, பள்ளிக்கூடச் சுற்றுலா எல்லாவற்றையும் எடுத்து வைத்தது அந்தப் பிளாஸ்டிக் பெட்டிதான். பெரிய கமராக்காரர்கள் அதை மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன். அதற்கு வரும் நோய் பெரும்பாலும் ஒன்றுதான்: பற்றரியை உள்ளேயே விட்டு, அது கசிந்து தகட்டைத் தின்றிருக்கும். அல்கலைன் பற்றரியின் கசிவு காரம். எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கழன்றுவரும். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, தகட்டை மெல்லச் சுரண்டினால் மின்சாரம் ஓடும். ஆனால் மேல்மூடியைக் கழற்றும்போது கவனம் தேவை. ஃபிளாஷின் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பற்றரியை எடுத்துவிட்டோம் என்று விரலை வைத்தால் தூக்கி எறியும். மின்தடை ஒன்றை இரு முனைக்கும் கொடுத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ரஷ்யாவின் ஜெனிட்-ஈ வேறு ரகம். கிட்டத்தட்ட ஒரு கிலோ இரும்பும் கண்ணாடியும். 1/30 முதல் 1/500 வரை ஐந்து வேகம், ஒரு பி, அவ்வளவுதான். பற்றரியே இல்லை, வெளிச்சமானி செலினியத்தில் ஓடுவது. அந்தச் செலினியம் எங்கள் ஈரத்தில் பெரும்பாலும் செத்திருக்கும், ஆனாலும் கமரா நிற்காது. அதோடு வரும் 58 மில்லிமீற்றர் ஹீலியோஸ் லென்ஸ் முகத்துக்குக் கொடுக்கும் மென்மையை, அந்த விலைக்கு வேறெந்த லென்ஸிலும் நான் பார்த்ததில்லை. ஒலிம்பஸ் ட்ரிப் 35-உம் செலினியம்தான். வெளிச்சம் போதாவிட்டால் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புக் கொடி எழுந்து, அமத்த விடாது. எண்ணெய் கசிந்து அதன் துவார இதழ்கள் ஒட்டிக்கொள்வது வழக்கமான கோளாறு. லைட்டர் பெற்றோல் ஒரு சொட்டு, பஞ்சு, மறுபடி ஒரு சொட்டு, இதழ்கள் காய்ந்து தானாக விழும்வரை. எண்ணெய் மட்டும் மறந்தும் போடக்கூடாது.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இயந்திரம் மட்டும் உள்ள மலிவுக் கமராவை இந்த ஊரில், இந்த மேசையில், இங்கே கிடைக்கும் பொருளால் உயிர்ப்பிக்கலாம். பிறகு வந்த விலை கூடிய தானியங்கிக் கமராக்கள் பலவற்றை என்னால் தொட முடியவில்லை. உள்ளே ஒரு சில்லு எரிந்தால் முடிந்தது கதை.

நடுவில் நிற்பது யஷிகா இலெக்ட்ரோ 35. அரை இயந்திரம், அரை மின்சாரம். அறுபதுகளின் நடுவில் வந்தது. நம் பக்கம் அதிகம் கிடைப்பது 1973-இல் வந்த ஜிஎஸ்என். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை நிந்தவூரிலிருந்து அண்மையில் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"மாமா, இது எங்கட மூத்தாப்பாட கமரா. வேல செய்யுமா?"

"மூடியத் திறக்காமச் சொல்லேலா மகள். முதல்ல ஒருக்கா சுத்திப் பாருங்க."

அவள் நெம்பைச் சுற்றினாள். நான் காதைக் கொடுத்தேன். நல்ல இலெக்ட்ரோவில் சுற்றும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இதில் கேட்கவில்லை. அந்தச் சத்தம் போனால் காரணம் எனக்குத் தெரியும்: உள்ளே ஒரு தண்டின் நுனி தட்டி நிற்பதற்கு ஒரு சிறு ரப்பர் மெத்தை உண்டு, உளுந்து அளவுதான். வருடங்களில் அது உக்கிப் பசையாகிவிடும். மெத்தை இல்லாததால் தண்டு தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. விளக்குகள் தப்பாக எரியும், படங்கள் வெளுத்துப்போகும். உலகம் முழுக்க அந்தக் கமராவைக் குப்பைக்கு அனுப்பியது அந்த உளுந்தளவு ரப்பர்தான்.

மேல்மூடியைக் கழற்றினேன். கறுப்புப் பசையைச் சாமணத்தால் சுரண்டி, பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன், தடிப்புப் போதவில்லை. இரண்டு துண்டை ஒட்டி வைத்தேன். சுற்றச் சொன்னேன். டொக். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

அடுத்தது பற்றரி. அந்தக் கமரா கேட்பது 5.6 வோல்ட் பாதரசப் பற்றரி. பாதரசம் நஞ்சு என்று உலகமே நிறுத்திவிட்டது, அது சரிதான். எல்ஆர்44 பொத்தான் பற்றரி நாலைக் கோர்த்தால் ஆறு வோல்ட். இந்தக் கமராவின் சுற்று அந்த வித்தியாசத்தைத் தாங்கும். வயரிங் பைப்பில் ஒரு துண்டு, டோர்ச் லைற்றிலிருந்து ஒரு ஸ்பிரிங், அதற்குள் நாலு பற்றரி. சோதனைப் பொத்தானை அமத்தியதும் பச்சை விளக்கு எரிந்தது. பற்றரி இல்லாவிட்டாலும் அது 1/500 செக்கனில் வேலை செய்யும், நல்ல வெயிலில் அதுவே போதும் என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

கமராவின் பின்மூடி விளிம்பில் வெளிச்சம் புகாமல் இருக்க ஒரு பஞ்சு நுரை ஒட்டியிருப்பார்கள். ஈரத்தில் அது பாணி போல உருகி விரலில் ஒட்டும். பழைய கமராவில் எடுத்த படத்தில் செம்மஞ்சள் தீற்றல் விழுகிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள். நுரைக்குப் பதில் நான் வைப்பது அபாயா தைக்கும் கடையில் மிஞ்சும் கறுப்பு வெல்வெட். ஒரு சாண் துண்டு பல கமராவுக்குப் போதும். குறுகலான தவாளிப்புக்கு மருதமுனைத் தறிக்காரரிடம் கறுப்பு நூல் வாங்கி இரண்டு மூன்று இழையாக முறுக்கி வைக்கிறேன். அவர்களுக்குக் கழிவு, எனக்கு முதல்.

பங்கஸ் எடுப்பதற்கு லென்ஸின் முன்வளையத்தைக் கழற்ற வேண்டும். அதற்குரிய கருவி இங்கே கிடைக்காது. ரப்பர் செருப்பில் வட்டம் வெட்டி, வளையத்தின் மேல் அழுத்தித் திருப்பினால் கழலும். கண்ணாடிக்கு ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் அமோனியாவும் சம அளவு கலந்து, காற்றோட்டமான இடத்தில் வைத்துத் துடைக்க வேண்டும். பிறகு அரை நாள் வெயில் காட்டுவேன். கண்ணாடியை வெயிலில் வைக்கும்போது கீழே தாள், துணி எதுவும் இருக்கக்கூடாது, தீப்பற்றும்.

திருத்திய கமராவின் வேகம் சரியா என்று பார்க்க எனக்குக் கருவி இல்லை. இருப்பது பழைய குண்டுத் தொலைக்காட்சி. அதை யாரும் வீசினால் நான் எடுத்து வைக்கிறேன். நம் நாட்டு ஒளிபரப்பு முறையில் அந்தத் திரை செக்கனுக்கு 15,625 கோடுகளை மேலிருந்து கீழே வரைகிறது. பின்மூடியைத் திறந்து, லென்ஸைத் திரைக்கு நேரே பிடித்து, பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே அமத்தினால், ஷட்டர் மூடி திறந்திருந்த நேரத்தில் வரைந்த கோடுகள் மட்டும் ஒரு பட்டையாகத் தெரியும். லென்ஸுக்குள்ளேயே மூடி இருக்கும் கமரா என்றால் 1/125-இல் 125 கோடு, அதாவது திரையில் ஐந்தில் இரண்டு பங்கு. 1/500-இல் பத்தில் ஒரு பங்கு. பட்டை அகலமாக இருந்தால் மூடி மந்தம். கண் பழகிவிட்டால் பட்டையைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். தூரம் சரியா என்று பார்க்க, பிலிம் ஓடும் இடத்தில் மங்கல் ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டி, பள்ளிவாசல் மினாராவை நோக்கிப் பிடிப்பேன். முடிவிலியில் வைத்தால் மினாராவின் விளிம்பு நாடாவில் கூர்மையாக விழ வேண்டும்.

பிறகு ஒரு ரோல் போட்டு கடற்கரைக்குப் போக வேண்டும். நம் கரை கிழக்குப் பார்த்தது. படம் எடுப்பவர் அதை முதலில் மனதில் வைக்க வேண்டும். மேற்குக் கரைப் படங்களைப் பார்த்துவிட்டு அந்தியில் வந்து நின்றால் கடலில் சூரியன் விழாது. நமக்கு வெளிச்சம் காலையில், கடலிலிருந்து வருகிறது. சுபஹு தொழுதுவிட்டுக் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போய், கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கயிற்றைப் பிடித்துச் சாய்ந்திருக்கும் ஒவ்வொரு முகத்திலும் நேராக வெளிச்சம் விழும். ஏழரை எட்டுக்கு மேல் மணல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கத் தொடங்கிவிடும். அப்போது மானியை நம்பக் கூடாது. 200 வேக பிலிமுக்கு 1/250-உம் எஃப் 16-உம் வெயிலுக்கு அடிப்படை. வெள்ளை மணலில் எஃப் 22. மாரி மப்பில் எஃப் 5.6. இந்த மூன்றையும் மனனம் செய்தால் செத்துப்போன செலினியத்தைப் பற்றிக் கவலையில்லை.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் கூட்டத்துக்குள் நின்று எடுப்பதற்கு ஜெனிட்டின் பாரமும் சத்தமும் இடைஞ்சல். அமத்தும்போது இலெக்ட்ரோ சத்தமே போடாது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு மலிவுக் கமராவோடு போவதென்றால் 400 வேக பிலிம் இல்லாமல் போகக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் உப்பை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். அடுத்த நாள் துடைக்கலாம் என்றால் உலோகத்தில் வெள்ளை பூத்துவிடும்.

பிலிம் கழுவுவது தனிக் கலை. கறுப்பு வெள்ளைக்கு டி-76 கலவை; புத்தகத்தில் போட்டிருக்கும் வெப்பம் 20 பாகை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் மார்கழியிலும் அந்த அளவுக்குக் குளிராது. சூடு கூடினால் பிலிமின் ஜெலட்டின் ஊதி, சாமணம் பட்ட இடம் உரியும். மீன் வாடியிலிருந்து ஐஸ் வாங்கி, பொலித்தீனில் கட்டி, கலவைப் போத்தலைச் சுற்றி வைத்துக் குளிராக்குவோம். ஐஸ் கலவைக்குள் கலக்கக்கூடாது. கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிலிமில் சுருக்கம் விழும். பழைய முறையில் படிகாரம் சேர்த்து ஜெலட்டினை இறுக்குவதும் உண்டு. கடலோரக் கிணறுகளில் சவர் இருப்பதால் கடைசிக் கழுவலுக்கு மாரியில் பிடித்த மழைத்தண்ணீரைப் போத்தலில் அடைத்து வைத்திருப்பேன். கலருக்கு வரும் சி-41 முறையோ 38 பாகை கேட்பது. மற்ற நாட்டுக்காரர் தண்ணீர் சுடவைத்துக் கஷ்டப்படுகிறார்கள். நமக்குப் பாதி வேலையைக் கச்சான் செய்துவிடுகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடலோரத் தெருக்கள் வரிசையாகச் சுனாமியில் போயின. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் ஸ்டூடியோவுக்குத் தண்ணீர் வரவில்லை. கடையை மறுபடி திறந்த நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாருக்கும் புதுப் படம் தேவையில்லை. "எங்கட புள்ள இங்க ஐடென்டிட்டிக்குப் படம் எடுத்த. அது இரிக்கா?" என்பதுதான் கேள்வி. வீடு போனது, அல்பம் போனது, மரணப் பதிவுக்கும் படம் இல்லை, நினைவுக்கும் படம் இல்லை.

நெகட்டிவில் முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் இருக்கும். பெற்றவருக்குக்கூட அதில் அடையாளம் தெரியாது. ஆகவே பெட்டி பெட்டியாக எடுத்து, நெகட்டிவைத் தாளோடு சேர்த்து வைத்துச் சின்னப் பிரதி அடித்து மேசையில் பரப்பினோம். அவர்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார்கள். விரல் ஒரு இடத்தில் நிற்கும். அதைப் பெருப்பித்துக் கொடுத்தோம். முதலாளி யாரிடமும் காசு வாங்கவில்லை. அந்தச் சின்ன நெகட்டிவ்களுக்கு இடம் போதவில்லை, எரித்துவிடலாம் என்று முன்பெல்லாம் பேசியிருக்கிறோம்.

கடல் தண்ணீர் புகுந்த கமராக்களும் வந்தன. அன்றே நல்ல தண்ணீரில் அலசி, ஸ்பிரிட்டில் முக்கிக் காயவைத்திருந்தால் இயந்திரக் கமராவில் சிலது பிழைத்திருக்கும். யாருக்கு அன்று கமரா நினைவு இருக்கும்? வந்ததெல்லாம் துருவேறி இறுகியவை. அல்பங்களைக் காப்பாற்ற முடிந்தது கொஞ்சம். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைக் காய்ந்தபின் பிய்த்தால் முகம் உரிந்து மற்றதோடு போய்விடும். குளிர்ந்த நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தானாகக் கழலவிட்டு, நூலில் தொங்கவிட வேண்டும். 2011-இல் ஜப்பான் சுனாமிக்குப் பிறகு தன்னார்வலர்கள் சேற்றில் கிடந்த குடும்பப் படங்களை இப்படித்தான் கழுவிக் காயவைத்தார்கள். ஃபுஜிபிலிம் நிறுவனம் அதற்கு வழிகாட்டியது. நம் பக்கம் வழிகாட்ட யாரும் இல்லாததால் பல வீடுகளில் அல்பத்தை வெயிலில் காயவைத்து, அதிலேயே இழந்துவிட்டார்கள்.

இப்போது பிலிம் விலை கூடிப்போய்விட்டது. 2022-இல் டொலர் இல்லாமல் நாடு திணறியபோது ரோல் கண்ணிலேயே படவில்லை. இருந்தும் இளம் பிள்ளைகள் மூத்தாப்பாவின் கமராவோடு வருகிறார்கள். முப்பத்தாறு படத்தில் எதை எடுப்பது என்று நின்று யோசிக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சில வேண்டுகோள்.

அலுமாரியில் பழைய கமரா இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். பற்றரியைக் கழற்றுங்கள். தோல் உறையைப் பிரித்துத் தனியாக வையுங்கள். கமராவைக் காற்று ஓடும் மேல்தட்டில் வைத்து, மாதத்தில் ஒருதரம் எல்லா வேகத்திலும் அமத்திப் பாருங்கள். நெகட்டிவ்களைப் பொலித்தீனிலிருந்து எடுத்துக் கடதாசி உறையில் போடுங்கள். உள்ளே பிலிம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பின்மூடியைத் திறக்காதீர்கள். பிலிமைத் திருப்பிச் சுற்றும் கைப்பிடியை மெல்லத் திருப்புங்கள். சும்மா சுழன்றால் ஒன்றும் இல்லை, இழுத்துப் பிடித்தால் ரோல் இருக்கிறது. அப்படியே மூடியோடு திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.